மதிப்பீட்டின் நாணயம்: இருப்புப்பாதைப் பொறியாளர் ஜோசப் லாக்

விக்டோரியா அரசியின் காலத்துப் பிரிட்டனில் இருப்புப்பாதைகளை அமைத்த பொறியாளர்களுள் ராபர்ட் ஸ்டீவன்சன், இசம்பார்ட் கிங்டம் புரூனெல், ஜோசப் லாக் ஆகிய மூவரையும் ஒரே வரிசையில் வைத்துப் பேசும் வழக்கம் அவர்கள் வாழ்ந்த நாளிலேயே இருந்தது. மூவரும் 1803க்கும் 1806க்கும் இடையில் பிறந்தவர்கள். 1859 செப்டம்பரில் புரூனெலும், அடுத்த மாதம் ஸ்டீவன்சனும், 1860 செப்டம்பரில் லாக்கும் மறைந்தனர். ஆயினும் அடுத்து வந்த தலைமுறைகள் முதலிருவரைப் போற்றிய அளவுக்கு மூன்றாமவரை நினைவில் வைத்திருக்கவில்லை. புரூனெலின் பெயரைச் சொன்னால் சால்டாஷ் பாலமும் 'கிரேட் ஈஸ்டர்ன்' கப்பலும் நினைவுக்கு வரும்; ராபர்ட் ஸ்டீவன்சனின் பெயரைச் சொன்னால் மெனாய் நீரிணையின் மீது இரும்புக் குழாய்களால் அமைந்த பிரிட்டானியா பாலம் நினைவுக்கு வரும். லாக்கின் பெயரோடு அவ்வாறு ஒட்டிக்கொண்ட கட்டுமானம் எதுவும் இல்லை. பெருஞ்செலவில் எழவேண்டிய கட்டுமானங்களைத் தேவையற்றவையாக்கும் வழியைத் தேடிக் கண்டுபிடிப்பதே அவருடைய திறமையாக இருந்ததால், அத்திறமைக்குக் கண்ணால் காணத்தக்க சான்று மிகக் குறைவாகவே எஞ்சியது.

பங்குதாரர்களிடம் ஒரு தொகையைச் சொல்லிப் பணம் திரட்டியபின் அத்தொகையைப்போல இருமடங்கு செலவழிப்பது ஆரம்பகால இருப்புப்பாதைக் குழுமங்களில் வழக்கமாகிவிட்டிருந்தது. சுமார் 112 மைல் நீளமுள்ள லண்டன் - பர்மிங்காம் பாதைக்கு 25 இலட்சம் பவுண்டு போதும் என்று கணக்கிடப்பட்டு, இறுதியில் ஏறத்தாழ 55 இலட்சம் பவுண்டு செலவாயிற்று. புரூனெலின் கிரேட் வெஸ்டர்ன் பாதைக்கும் 25 இலட்சமே மதிப்பிடப்பட்டது. முடிவில் செலவு 60 இலட்சத்தைத் தாண்டியது. இத்தகைய சூழலில், மதிப்பீடு என்பது ஒரு பொறியாளர் பொதுமக்களுக்குக் கொடுக்கும் வாக்கு என்றும், அவ்வாக்கைக் காப்பதும் பாலத்தைக் கட்டுவதற்கு நிகரான பொறியியற் பணியே என்றும் செயலில் காட்டியவர் லாக். அவருக்குரிய பெருமை இதிலிருந்தே தொடங்குகிறது; அவர் மீது வைக்கத்தக்க கடுமையான கேள்வியும் இதிலிருந்தே எழுகிறது.

தொழிற்பயிற்சியும் லிவர்பூல் - மான்செஸ்டர் பாதையும்

ஜோசப் லாக் 1805 ஆகஸ்ட் 9ஆம் நாள் ஷெஃபீல்டு நகரையடுத்த ஆட்டர்கிளிஃப் என்னும் ஊரில் பிறந்தார். தந்தை வில்லியம் லாக் நிலக்கரிச் சுரங்கங்களை மேற்பார்த்து நடத்தும் தொழிலர். பிற்காலத்தில் 'இருப்புப்பாதைகளின் தந்தை' எனப் பெயர்பெற்ற ஜார்ஜ் ஸ்டீவன்சனோடு இளமையிலேயே பழக்கமுடையவர். குடும்பம் பார்ன்ஸ்லிக்குக் குடிபெயர, அவ்வூர் இலக்கணப் பள்ளியில் பயின்ற லாக் 13 வயதோடு பள்ளிப்படிப்பை முடித்துக்கொண்டு சுரங்கத் தொழிலில் பயிற்சி பெற்றார். 1823இல் நியூகாசிலில் ஸ்டீவன்சன் குடும்பம் தொடங்கிய நீராவி எஞ்சின் தொழிற்சாலையில் பயிற்சியாளராகச் சேர்ந்தபோது, ஜார்ஜின் மகன் ராபர்ட்டோடு அவருக்கு நட்பு ஏற்பட்டது. பல்கலைக்கழகப் பொறியியற் படிப்பு இங்கிலாந்தில் வேரூன்றாத காலமாதலால், சுரங்கமும் பட்டறையும் நில அளவையுமே அத்தலைமுறைப் பொறியாளர்களுக்குக் கல்லூரிகளாக அமைந்தன.

லிவர்பூல் - மான்செஸ்டர் பாதையின் பணியில் ஜார்ஜ் ஸ்டீவன்சனுக்கு உதவியாளராக அமர்ந்த லாக்குக்கு, ஆசிரியரின் பலமும் பலவீனமும் ஒருங்கே தெரியவந்தன. நிலத்தின் இயல்பையும் எந்திரத்தின் இயல்பையும் உள்ளுணர்வால் அறியும் ஆற்றல் ஸ்டீவன்சனிடம் மிகுந்திருந்தது. ஆனால் அளவையிலும் வரைபடத்திலும் கணக்கிலும் அவருக்குப் பொறுமை போதவில்லை. லிவர்பூலின் எட்ஜ் ஹில் பகுதியில் தோண்டப்பட்ட சுரங்கவழியின் போக்கைக் குறிப்பதில் பிழைகள் நேர்ந்தபோது, குழுமத்தின் இயக்குநர்கள் லாக்கிடமே அறிக்கை கேட்டனர். இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த அவ்விளைஞர் தம் ஆசிரியரின் அலுவலகத்தில் நேர்ந்த பிழையை மறைக்காமல் எழுதிக்கொடுத்தார். இருவருக்கும் இடையில் பின்னாளில் ஏற்பட்ட விலகலுக்கு வித்து இங்கேயே விழுந்தது.

அப்பாதையில் வண்டிகளை எது இழுப்பது என்ற கேள்வி 1829 வரை தீராமலிருந்தது. ஓரிடத்தில் நிலையாக நிறுத்திய நீராவி எந்திரங்களைக்கொண்டு கயிற்றால் வண்டிகளை இழுப்பதே மேலானது என்று ஜேம்ஸ் வாக்கர், ஜான் அர்பத் ராஸ்ட்ரிக் என்னும் பொறியாளர் இருவர் பரிந்துரைத்தனர். தண்டவாளத்தின்மேல் தானே ஓடி வண்டிகளையும் இழுத்துச்செல்லும் எஞ்சினே சிறந்தது என்பதை எண்களைக்கொண்டு நிறுவும் மறுப்புரையை ராபர்ட் ஸ்டீவன்சனும் லாக்கும் சேர்ந்து எழுதினர். 1829 அக்டோபரில் ரெயின்ஹில்லில் நடந்த போட்டியில் 'ராக்கெட்' எஞ்சின் வென்றதோடு அவ்விவாதம் முடிவுக்கு வந்தது. லாக்கின் வாழ்நாட் கொள்கை இவ்விவாதத்தில்தான் உருவாயிற்று என்று கொள்ள இடமுண்டு. எஞ்சின் என்பது ஆண்டுக்காண்டு வளரும் பொருள், மண்ணிலும் கல்லிலும் முடக்கிய பணமோ திரும்பாத பொருள். ஆகவே நிலத்தை எஞ்சினுக்கு ஏற்பத் திருத்துவதற்குச் செலவழிப்பதைக் காட்டிலும் எஞ்சினை நிலத்துக்கு ஏற்ப வளர்ப்பதே அறிவுடைமை என்ற முடிவுக்கு அவர் மிக இளமையிலேயே வந்துவிட்டார்.

1830 செப்டம்பர் 15ஆம் நாள் அப்பாதை திறக்கப்பட்ட விழாவில் பிரதமர் வெலிங்டன் பிரபு கலந்துகொண்டார். வழியில் எஞ்சின்கள் தண்ணீர் பிடிக்க நின்றபோது, விருந்தினர் சிலர் கீழே இறங்கி நின்றனர். லிவர்பூல் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினரான வில்லியம் ஹஸ்கிசன் பிரபுவின் பெட்டியருகே நின்றிருந்த வேளையில், அடுத்த தண்டவாளத்தில் வந்த 'ராக்கெட்' அவரை வீழ்த்திக் காலை நசுக்கியது. எக்கிள்ஸ் என்னும் ஊருக்கு எடுத்துச்செல்லப்பட்ட அவர் அன்றிரவே இறந்தார். அப்போது 'ராக்கெட்'டை ஓட்டிவந்தவர் லாக். எஞ்சினை நொடிப்பொழுதில் நிறுத்தத்தக்க தடைக்கருவி அந்நாளில் இல்லாததால் அவரைக் குறைகூறுவதற்கு இடமில்லை.

கிராண்ட் ஜங்ஷன் பாதை

லாக்கின் தனித்திறம் முதன்முதலில் முழுமையாக வெளிப்பட்டது கிராண்ட் ஜங்ஷன் பாதையில். பர்மிங்காமையும் லிவர்பூல் - மான்செஸ்டர் பாதையையும் இணைத்த சுமார் 82 மைல் நீளமுள்ள இப்பாதைக்கு 1833இல் நாடாளுமன்ற இசைவு கிடைத்தது. ஜார்ஜ் ஸ்டீவன்சன் தலைமைப் பொறியாளராக இருந்தாலும், நில அளவைப் பணியின் பெரும்பகுதியைச் செய்தவர் லாக் என்பதால், இயக்குநர்கள் வடபாதியை லாக்கிடமும் தென்பாதியை ஸ்டீவன்சனிடமும் பிரித்து ஒப்படைத்தனர். குறித்த நாளில் லாக் தம் பகுதிக்குரிய மதிப்பீடுகளையும் வரைபடங்களையும் முடித்து, ஒப்பந்தங்களையும் பேசி முடிவுசெய்திருந்தார். ஸ்டீவன்சனின் பகுதியில் அவ்வாறு முடிவடைந்த வேலை மிகக் குறைவு. இருவரையும் இணைத்துப் பொறுப்பாளராக்கும் ஏற்பாடும் நிலைக்காமல், 1835இல் ஸ்டீவன்சன் விலக, லாக் தனித்துத் தலைமையேற்றார்.

ஒப்பந்த முறையில் அவர் கொண்டுவந்த மாற்றத்தைச் சற்று விரிவாகவே காண வேண்டும். விவரக்குறிப்பு என்பது ஒரு கட்டுமானத்தில் எந்தக் கல், எந்தச் சாந்து, எவ்வளவு கனம், எந்தச் சரிவு என்பனவற்றையெல்லாம் எழுத்தில் வரையறுக்கும் ஆவணம். இது தெளிவில்லாதபோது ஒப்பந்தக்காரர் எதிர்பாராத இழப்புக்கு அஞ்சித் தொகையைக் கூட்டிக் கேட்பார். அல்லது குறைத்துக் கேட்டுவிட்டு, வேலை நடுவே பணமில்லாமல் கைவிட்டுப் போவார். லாக் தம் உதவியாளர்களுக்கு வேலையைப் பகிர்ந்தளித்து, ஒவ்வொரு பாலத்துக்கும் ஒவ்வொரு வெட்டுக்கும் நுணுக்கமான வரைபடமும் விவரக்குறிப்பும் தயாரித்தபின்னரே ஒப்பந்தக்காரர்களை அழைத்தார். செய்யவேண்டியது இன்னதென்று ஐயமறத் தெரிந்தபோது அவர்கள் கேட்ட தொகையும் தானே இறங்கியது. பின்னாளில் உலகின் பல நாடுகளில் பாதையமைத்த தாமஸ் பிராஸியின் முதல் இருப்புப்பாதை ஒப்பந்தம் இப்பாதையின் பென்கிரிட்ஜ் நெடும்பாலமே. லாக் பிறந்த அதே 1805இல் பிறந்த பிராஸி அதற்கு முன் டட்டன் நெடும்பாலத்துக்கு விலை கேட்டு அதைப் பெறத் தவறியவர். ஒருவர் அளந்து எழுதியதை மற்றவர் சொன்ன நாளில் கட்டிமுடிப்பார் என்ற நம்பிக்கை அன்று தொடங்கி இருவரின் வாழ்நாள் முழுவதும் தொடர்ந்தது.

1837 ஜூலை 4ஆம் நாள் கிராண்ட் ஜங்ஷன் பாதை திறக்கப்பட்டது. மைலுக்கு ஏறத்தாழ 19,000 பவுண்டு மட்டுமே செலவாகியிருந்தது; மதிப்பீட்டை விட்டுப் பெரிதும் விலகாத தொகை இது. அடுத்த ஆண்டு முழுமையாகத் திறக்கப்பட்ட லண்டன் - பர்மிங்காம் பாதைக்கு மைலுக்கு 50,000 பவுண்டை நெருங்கிய செலவாயிற்று. நிலத்தின் தன்மையும் நில விலையும் வேறுபட்டவை என்பதால் இரண்டையும் எண்ணுக்கு எண் ஒப்பிடுவது முழு நியாயமாகாது. ஆயினும் அவ்வளவு பெரிய இடைவெளியை நிலத்தின் வேற்றுமையால் மட்டும் விளக்கிவிட இயலாது.

தண்டவாளத்தின் வடிவிலும் லாக் ஒரு புதுமையைக் கொண்டுவந்தார். முந்தைய பாதைகளில் கல் தாங்கிகளின் மேல் அமர்த்திய, நடுவில் மீன்வயிறு போலக் கீழ்நோக்கிப் புடைத்த தண்டவாளங்கள் பயன்பட்டன. லாக் மேலும் கீழும் ஒரே வடிவத் தலையுடைய தேனிரும்புத் தண்டவாளத்தை வார்ப்பிரும்பு இருக்கைகளில் மர ஆப்புகளால் இறுக்கி, மரக் குறுக்குக்கட்டைகளின் மேல் அமர்த்தினார். மேல்தலை தேய்ந்ததும் தண்டவாளத்தைப் புரட்டிப்போட்டு அடித்தலையைப் பயன்படுத்தலாம் என்பது அவர் நோக்கம். நடைமுறையில் இருக்கைகள் பட்டுப்பட்டு அடித்தலையில் பள்ளம் விழுந்துவிட்டதால் அந்நோக்கம் நிறைவேறவில்லை. எனினும் அவ்வடிவத்திலிருந்து வளர்ந்த தண்டவாளமே பிரிட்டனில் ஒரு நூற்றாண்டுக்கு மேல் வழக்கிலிருந்தது.

இப்பாதையின் எஞ்சின்களைப் பழுதுபார்க்கவும் கட்டவும் 1843இல் க்ரூ என்னுமிடத்தில் தொழிற்சாலை அமைந்தது. அதுவரை சிற்றூர்ப்புறமாக இருந்த அவ்விடம் இருப்புப்பாதை நகரமாயிற்று. சக்கரங்களுக்கிடையில் உருளைகளை வைத்த எஞ்சின்களில் வளைவச்சு அடிக்கடி முறிந்தது. அதைத் தவிர்க்க உருளைகளை வெளிப்புறம் அமைத்த 'க்ரூ வகை' எஞ்சின் உருவானது. அதன் உருவாக்கத்தில் பட்டிகம், ஆலன், ஃபிரான்சிஸ் டிரெவிதிக் ஆகிய பொறியாளர்களுக்கும் பங்குண்டு. யாருக்கு எவ்வளவு என்பது நெடுநாள் வழக்காகவே இருந்தது. ஒரே வகை எஞ்சினைத் திரும்பத் திரும்பக் கட்டி, உறுப்புகளை ஒன்றுக்கொன்று மாற்றிப் பொருத்தத்தக்கனவாகச் செய்யும் முறையை ஊக்குவித்தவர் லாக் என்பதில் ஐயமில்லை.

மலையின் மேலே ஏறிய பாதை

சரிவு விகிதம் என்பது பாதை ஓரடி உயர எத்தனை அடி தொலைவு எடுத்துக்கொள்கிறது என்பதைக் குறிப்பது. ராபர்ட் ஸ்டீவன்சன் லண்டன் - பர்மிங்காம் பாதையை, லண்டன் முனையைத் தவிர, 330 அடிக்கு ஓரடிக்கு மேற்பட்ட சரிவு இல்லாமல் அமைத்தார். அந்த மென்மைக்காகவே கில்ஸ்பியில் 1 மைலுக்கு மேற்பட்ட சுரங்கவழியைத் தோண்டினார். புதைமணல் குறுக்கிட்டதால் அதன் செலவு சுமார் 1 இலட்சம் பவுண்டிலிருந்து ஏறத்தாழ 3 இலட்சமாகப் பெருகியது. லாக் இதற்கு நேர்மாறான வழியைத் தேர்ந்தார். லங்காஸ்டர் - கார்லைல் பாதைக்கு முன்வைக்கப்பட்ட வழிகளுள், மோர்கம் வளைகுடாவின் மணல்வெளியைக் கடந்து கடற்கரையோரம் செல்லும் ஜார்ஜ் ஸ்டீவன்சனின் திட்டமும் ஒன்று. லாக்கோ ஷாப் மலைமுகட்டின் மேலேயே பாதையை ஏற்றினார். தொடக்கத் திட்டத்தில் இடம்பெற்ற சுரங்கவழியையும் கைவிட்டு, 75 அடிக்கு ஓரடி என்ற செங்குத்தான சரிவில் 4 மைல் ஏறி, கடல்மட்டத்திலிருந்து 916 அடி உயரத்தை அப்பாதை அடைந்தது. 1844இல் இசைவு பெற்ற ஏறத்தாழ 69 மைல் பாதை 1846 டிசம்பரில் திறக்கப்பட்டது. வேலை உச்சத்திலிருந்தபோது சுமார் 10,000 தொழிலாளர்கள் அதில் உழைத்தனர்.

அதன் வடமுனையாகிய கார்லைலிலிருந்து கிளாஸ்கோவுக்கும் எடின்பரோவுக்கும் சென்ற கலிடோனியன் பாதையையும் லாக் தம் கூட்டாளி ஜான் எர்ரிங்டனுடன் சேர்ந்து இதே கொள்கையில் அமைத்தார். பீட்டாக் முகட்டில் அது ஆயிரம் அடிக்கும் சற்று மேலான உயரத்தை எட்டுகிறது. வடக்கு நோக்கிச் செல்லும் வண்டி பத்து மைல் இடைவிடாமல் ஏற வேண்டும். 1848 பிப்ரவரியில் இப்பாதை இரு நகரங்களையும் எட்டியபோது, லண்டனிலிருந்து கிளாஸ்கோ வரை மேற்குக் கரையோர வழியாக இடையறாத இருப்புப்பாதை உருவாயிற்று.

இக்கொள்கைக்கு விலை இல்லாமற் போகவில்லை. ஷாப்பிலும் பீட்டாக்கிலும் நீராவிக் காலம் முடியும்வரை வண்டியின் பின்னால் நின்று தள்ளிவிடும் துணை எஞ்சின்களை வைத்திருக்க வேண்டியதாயிற்று. நிலக்கரியும் நேரமும் ஒவ்வொரு நாளும் கூடுதலாகச் செலவாயின. தொடக்கத்தில் மிச்சப்படுத்திய பணத்தைப் பின்வந்தவர்கள் தவணை முறையில் செலுத்தினர் என்று விமர்சகர்கள் கூறியது முற்றிலும் பொருந்தாத குற்றச்சாட்டன்று. ஆயினும் அன்றைய முதலீட்டுச் சந்தையில் மலிவான பாதை ஒன்று அமைந்திராவிட்டால் அம்மலைநாட்டுக்கு எப்பாதையும் நெடுங்காலம் வந்திராது என்பதையும், 1974இல் கிளாஸ்கோ வரை மின்மயமான அப்பாதையில் வலிமைமிக்க மின் எஞ்சின்களுக்கு அச்சரிவுகள் பெருந்தடையாக இல்லை என்பதையும் சேர்த்து எண்ணும்போது, எஞ்சின் வளரும் என்று லாக் வைத்த நம்பிக்கை மெய்யாயிற்று என்றே தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

பிறர் விட்டுச்சென்ற வேலையை எடுத்து முடிப்பதிலும் அவர் பெயர்பெற்றார். லண்டன் - சவுத்தாம்ப்டன் பாதையில் ஃபிரான்சிஸ் கைல்ஸ் என்னும் பொறியாளர் வேலையைச் சிறுசிறு ஒப்பந்தக்காரர்களிடம் பிரித்துக்கொடுத்ததால் பணிகள் தேங்கி நின்றன. 1837இல் பொறுப்பேற்ற லாக் பிராஸியை வரவழைத்து 1840 மே மாதத்தில் அதை முடித்துக்கொடுத்தார்.

பிரான்சில்

லண்டன் - சவுத்தாம்ப்டன் பாதை நிறைவுறும் தறுவாயிலேயே, கடலுக்கு அப்பால் லெ ஆவ்ர் துறைமுகத்தையும் பாரிசையும் இணைக்கும் எண்ணம் வலுப்பெற்றது. லாக் பொறியாளராக இருந்து அமைத்த பாரிஸ் - ருவான் பாதை 1843 மே மாதத்தில் திறக்கப்பட்டது. அதன் தொடர்ச்சி 1847இல் லெ ஆவ்ரை எட்டியது. பிரெஞ்சு ஒப்பந்தக்காரர்கள் கேட்ட விலை மிகுதியாக இருந்ததால் பிராஸியும் வில்லியம் மெக்கன்சியும் வேலையை ஏற்று, பிரிட்டனிலிருந்து ஆயிரக்கணக்கான தொழிலாளர்களை அழைத்துச் சென்றனர். 1846 ஜனவரி 10ஆம் நாள் ருவானுக்கு அருகில் பாரான்டான் என்னுமிடத்தில், 27 வளைவுகளும் சுமார் 100 அடி உயரமும் கொண்ட செங்கல் நெடும்பாலம் கட்டிமுடித்த சில நாட்களிலேயே சரிந்து விழுந்தது. உள்ளூர்ச் சுண்ணாம்பால் ஆன சாந்தின் தரக்குறைவே காரணம் என்று பலரும் கருதினர். பொறுப்பு யாருடையது என்ற வழக்கில் காலங்கடத்தாமல், பாலத்தைக் கட்டித்தர ஏற்றுக்கொண்டவன் என்ற முறையில் பிராஸி அதைத் தம் செலவிலேயே ஆறு மாதத்துக்குள் மறுபடியும் எழுப்பினார். சாந்து உட்பட அனைத்தையும் வரையறுக்கும் விவரக்குறிப்பைத் தம் முறையின் அடிப்படையாகக் கொண்டிருந்த லாக்குக்கு, அதே விவரக்குறிப்பின் எல்லையை உணர்த்திய நிகழ்ச்சி அது. பிரெஞ்சு அரசு அவருக்கு லெஜியன் தெ ஆனர் விருதளித்தது. ஸ்பெயின் நாட்டின் தீபகற்ப நிலத்தில் முதன்முதலாக 1848 அக்டோபரில் ஓடிய பார்சிலோனா - மட்டாரோ பாதையிலும் அவர் பொறியாளராகப் பணியாற்றினார்.

வுட்ஹெட்

லாக்கின் பணியை மதிப்பிடுவோர் எவரும் வுட்ஹெட் சுரங்கவழியைக் கடந்துசெல்ல முடியாது. அதை ஒரு வரியில் குறிப்பிட்டு நகர்ந்துவிடும் வரலாறுகள் தம் கடமையில் தவறியவையே. ஷெஃபீல்டையும் மான்செஸ்டரையும் பென்னைன் மலைத்தொடரின் குறுக்கே இணைக்கும் பாதைக்குச் சார்லஸ் விக்னோல்ஸ் முதலில் பொறியாளராக இருந்தார். குழுமத்தின் பங்குகளில் தம் செல்வத்தை இழந்து அவர் விலகியபின் 1839இல் லாக் பொறுப்பேற்றார். சுரங்கவழிகளைத் தவிர்ப்பதையே கொள்கையாகக் கொண்டவருக்கு, 3 மைலுக்குச் சற்று மேற்பட்ட, அந்நாளைய பிரிட்டனின் மிக நீண்ட இருப்புப்பாதைச் சுரங்கவழியை முடிக்கும் பொறுப்பு வந்துசேர்ந்தது. முதலில் போதுமென்று நினைத்த தொகை போதாது என்பதை அவர் பங்குதாரர்களிடம் வெளிப்படையாகச் சொன்னார்; இறுதிச் செலவு ஏறத்தாழ 2 இலட்சம் பவுண்டை எட்டியது. 1845 டிசம்பரில் வழி திறக்கப்பட்டது.

அந்த ஆறாண்டுகளில் மரங்களற்ற, ஓயாது மழை பெய்யும் அம்மேட்டுநிலத்தில் நூற்றுக்கணக்கான தொழிலாளர்கள் தாமே அடுக்கிய கல்குடிசைகளில் குடும்பத்தோடு வாழ்ந்தனர். 'நாவி' என்று அழைக்கப்பட்ட இம்மண்வெட்டித் தொழிலாளர்கள் கால்வாய்க் காலந்தொட்டு ஊர் ஊராகச் சென்று வேலைசெய்தவர்கள். கூலி வாரந்தோறும் கிடைக்காததால், ஒப்பந்தக்காரரோடு தொடர்புடைய கடைகளில் சீட்டுக்குப் பொருள் வாங்கிக் கடன்பட்டனர். மலையின் மேலிருந்து சுமார் 600 அடி ஆழம் வரை இறங்கிய கிணற்றுவழிகளின் அடியில், நீர் கசியும் பாறையை வெடிமருந்தால் தகர்த்தனர். பாறைத் துளையில் மருந்தை நிரப்பி இறுக்குவதற்குத் தீப்பொறி பறக்காத செம்புக் கோலைப் பயன்படுத்தியிருக்கலாம். இரும்புக் கோலே பயன்பட்டது. முதல் சுரங்கவழியின் பணியில் 32 பேர் இறந்தனர். சுமார் 140 பேர் பெருங்காயமுற்றனர். இரண்டாவது சுரங்கவழி தோண்டப்பட்டபோது 1849இல் காலரா பரவி மேலும் 28 பேர் மாண்டனர்.

பொதுச் சுகாதாரச் சீர்திருத்தத்துக்காகப் போராடிய எட்வின் சாட்விக், மான்செஸ்டர் அறுவைமருத்துவர் ஜான் ராபர்டன் முதலியோர் திரட்டிய சான்றுகளைக்கொண்டு, வுட்ஹெட்டில் இறந்தோரும் காயமுற்றோரும் தொழிலாளர் தொகைக்கு என்ன விகிதம் என்று கணக்கிட்டு, பெரும்போர்களில் படைகள் அடைந்த இழப்பைக் காட்டிலும் அது மிகுதி என்று எடுத்துக்காட்டினார். 1846இல் நாடாளுமன்றக் குழு ஒன்று இருப்புப்பாதைத் தொழிலாளர்களின் நிலையை ஆராய்ந்தது. லாக்கின் உதவிப் பொறியாளராகச் சுரங்கவழியில் பணியாற்றிய வெலிங்டன் பர்டன் அக்குழுவின்முன் சாட்சியளித்தபோது, பாதுகாப்பான வெடித்திரி காலதாமதத்தை உண்டாக்கும் என்றும், சில உயிர்களைக் காப்பதற்காக அத்தாமதத்தை ஏற்கத் தாம் பரிந்துரைப்பதற்கில்லை என்றும் பொருள்படக் கூறினார். இதைக் கூறியவர் கொடியவர் என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் நாளும் பணமும் மட்டுமே எழுதப்பட்ட ஒரு மதிப்பீட்டின்கீழ் வேலைசெய்தவர், அதில் எழுதப்படாத ஒன்றுக்கு மதிப்பளிக்கவில்லை என்பதே இங்கு ஊன்றிக் காணத்தக்கது.

பிரெஞ்சுச் சட்டத்தில் வேலையிடத்து விபத்துக்கு வேலைகொடுப்போர் இழப்பீடு தரவேண்டும் என்ற விதி இருந்தது. ருவான் பாதையில் பிரிட்டானியக் குழுவினரே அவ்விதியின்கீழ் வேலைசெய்தனர். ஆகவே அவ்வாறான பொறுப்பை ஏற்றுக்கொண்டு பாதையமைப்பது இயலாது என்று கூற அவர்களால் முடியாது. 1846ஆம் ஆண்டுக் குழுவும் அத்தகைய பொறுப்பைப் பிரிட்டனில் விதிக்கவேண்டும் என்றும், கூலியைப் பணமாகக் குறித்த நாளில் கொடுக்கவேண்டும் என்றும் பரிந்துரைத்தது. நாடாளுமன்றம் அப்பரிந்துரைகளைச் சட்டமாக்காமல் விட்டது. அடுத்த ஆண்டே லாக் நாடாளுமன்ற உறுப்பினரானார். விபத்தின் விலையை மதிப்பீட்டில் சேர்க்கும் முறையை வகுக்க அவரினும் தகுதியுடைய பொறியாளர் அந்த அவையில் எவருமில்லை. சாந்துக்கும் சரிவுக்கும் அவர் காட்டிய நுணுக்கம் மனித உயிருக்கும் விரிந்திருக்க வேண்டும் என்று கேட்பது பிற்கால அளவுகோலைக்கொண்டு முற்காலத்தவரை அளப்பதாகாது, ஏனெனில் அவ்வளவுகோலைச் சாட்விக் அவர் கண்முன்னேயே ஏந்திக்காட்டினார்.

இறுதி ஆண்டுகள்

டெவன்ஷயரின் ஹோனிட்டன் தொகுதியிலிருந்து 1847இல் தேர்வான லாக் இறக்கும்வரை அப்பொறுப்பில் இருந்தார். தண்டவாளங்களுக்கிடையிலான அகலத்தைப் பற்றிய பெரும்பூசலில், 7 அடி அகலத்தை வலியுறுத்திய புரூனெலுக்கு எதிராக 4 அடி 8½ அங்குல அகலத்தை ஆதரித்தவர்களுள் அவர் முன்னணியில் நின்றார். அக்கருத்துப்போர் நட்பைக் கெடுக்கவில்லை. 1849இல் பிரிட்டானியா பாலத்தின் குழாய்களை நீரில் மிதக்கவிட்டு இடம்சேர்த்த அரிய நாளில், புரூனெலும் லாக்கும் ராபர்ட் ஸ்டீவன்சனுக்குத் துணையாக அருகில் இருந்தனர். ஜான் லூகாஸ் தீட்டிய ஓவியம் ஒன்று மூவரையும் அப்பாலத்தின் பின்னணியில் காட்டுகிறது. குடிமைப் பொறியாளர் கழகத்தின் தலைவராக 1857 இறுதியில் தேர்வுற்ற லாக், தம் தலைமையுரையின் பொருளாகப் பிரெஞ்சு இருப்புப்பாதைகளை எடுத்துக்கொண்டார். 1860 ஜூலையில் சால்ஸ்பரி - எக்ஸீட்டர் பாதை ஹோனிட்டன் வழியாகத் திறக்கப்பட்டது. இரண்டு மாதங்கள் கழித்து, செப்டம்பர் 18ஆம் நாள், தாம் அமைத்த கலிடோனியன் பாதைக்கு அருகிலுள்ள ஸ்காத்லாந்தின் மாஃபட் என்னும் ஊரில் ஓய்வுக்காகத் தங்கியிருந்தபோது குடல்நோயால் திடீரென மறைந்தார். அவர் மனைவி ஃபீபி பார்ன்ஸ்லி மக்களுக்கு அளித்த பூங்கா இன்றும் லாக் பூங்கா என்றே வழங்குகிறது. சிற்பி மரோசெட்டி வடித்த லாக்கின் சிலை அங்கு நிற்கிறது.

ஜோசப் டெவி எழுதிய வாழ்க்கை வரலாறு 1862இல் வெளிவந்தது. ஆனால் பொறியாளர்களின் வரலாறுகளை மக்களிடையே பரப்பிய சாமுவேல் ஸ்மைல்ஸ் ஸ்டீவன்சன்களுக்கு ஒரு தொகுதியையே ஒதுக்கி, லாக்குக்குத் தனி வரலாறு எழுதவில்லை. வறுமையிலிருந்து எழுந்த ஒருவரின் கதையைப்போலவோ, மாபெரும் பாலத்தின் கதையைப்போலவோ, ஒழுங்காக எழுதப்பட்ட ஓர் ஒப்பந்தத்தின் கதை வாசகரை ஈர்ப்பதில்லை. தமிழில் பொறியியல் வரலாறு எழுத முன்வருவோர் இக்குறையைத் தொடராமல், பாலங்களின் படங்களோடு மதிப்பீடுகளையும் விவரக்குறிப்புகளையும் 1846ஆம் ஆண்டுக் குழுவின் சாட்சியங்களையும் சேர்த்துப் படித்து, பொறியியற் கல்லூரி மாணவர் கையில் கொடுக்கத்தக்க நூல்களாக எழுதித்தர வேண்டும்.